பதினோரு பெட்டியும் ஒரு பக்கத் தாளும்

சக்ரபாணியின் வீட்டில் மனிதர்களைவிட அட்டைப்பெட்டிகளுக்குத்தான் மரியாதை அதிகம். மனிதர்கள் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். பெட்டிகள் பரணில் ஏறி உட்கார்ந்திருந்தன. ரேடியோ பெட்டி, மேஜை ஃபேன் பெட்டி, காஸ் அடுப்புப் பெட்டி, மிக்ஸி பெட்டி, ஃப்ரிட்ஜ் பெட்டி, போன வருஷம் வாங்கிய டி.வி.யின் பெட்டி, இன்னும் என்னென்னவோ. மொத்தம் பதினொன்று. இதில் ரேடியோ செத்துக் காயலான் கடைக்குப் போய் எட்டு வருஷமாகிவிட்டது. அதன் பெட்டி மட்டும் குத்துக்கல்லாட்டம் இருந்தது.

"ரேடியோவே இல்லையே, அந்தப் பெட்டி எதுக்குன்னா?" என்று கல்பகம் ஒருதரம் கேட்டுவிட்டாள்.

"ட்ரான்ஸ்பர் வந்தா வேணும்."

"ரேடியோ இல்லாம, பெட்டிக்கு மட்டுமா ட்ரான்ஸ்பர்?"

அன்று அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார்.

இது அவருக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். தெலுங்குச் சீமை உப்பல் ரோடில், அவர் வேலை பார்த்த கம்பெனியின் குவார்ட்டர்ஸில் யார் வீட்டுப் பரணை எட்டிப் பார்த்தாலும் இதே கூத்துதான். மத்திய சர்க்கார் கம்பெனியில் சேர்ந்தவன் எவனும் ஒரு பெட்டியைத் தூக்கி எறியமாட்டான். எறிந்த மறுநாளே ஆர்டர் வந்துவிடும் என்று ஒரு பயம். ஆனால் மற்றவர்களுக்கு அது பயம். சக்ரபாணிக்கு அது ஆசை.

மெட்ராஸுக்குப் போக வேண்டும். அறுபத்தாறில் ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் சேர்ந்தபோது, "மூணே வருஷம், அப்புறம் மெட்ராஸ்" என்று கல்பகத்திடம் சொல்லித்தான் ரயில் ஏற்றினார். மூன்று வருஷம் பதினேழு வருஷமாயிற்று. கோபம் வராமல் என்ன செய்யும்? பஸ் கண்டக்டரிடம் கோபம். ரிக்‌ஷாக்காரன் "நக்கோ சாப்" என்று வர மறுத்தால் கோபம். பெற்ற பெண் ஜலஜா தமிழில் கேட்டதற்கு ஹிந்தியில் பதில் சொன்னால் அதற்கொரு கோபம். "இந்த ஊர்ல நான் செத்தாக்கூட தமிழ்ல அழறதுக்கு நாலு பேர் கிடையாது" என்பார்.

"நான் ஒருத்தி அழமாட்டேனா?" என்பாள் கல்பகம்.

"நீயும் தெலுங்குலதான் அழுவே."

அது பொய்யில்லை. வந்த புதிதில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தவள்தான். இப்போது பக்கத்து வீட்டு நாகம்மாவோடு தெலுங்கில் வம்பளந்தாள், காய்க்காரனோடு உருதுவில் சண்டை போட்டாள். எல்லாவற்றுக்கும் மேல், குவார்ட்டர்ஸின் பின்னால் அவளுக்கென்று ஒரு தோட்டம் இருந்தது. அவரை, புடல், கத்தரி, வெண்டை என்று ஆறு பாத்தி. மெட்ராஸ் என்றால் நங்கநல்லூரில் மைத்துனர் வீட்டு மாடி போர்ஷன். அங்கே மண் என்று பார்த்தால் செருப்பில் ஒட்டியிருப்பதுதான்.

சக்ரபாணி வருஷா வருஷம் ட்ரான்ஸ்பருக்கு எழுதிப் போட்டார். முதலில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினார். அம்மா போய்ச் சேர்ந்தாள். பிறகு பெண்ணின் படிப்பு என்றார். பெண் காலேஜில் இண்டர் இரண்டாம் வருஷம் வந்துவிட்டாள். கடைசியில் பெர்சனல் டிபார்ட்மெண்ட் துரைராஜ்தான் காதைக் கடித்தார்.

"இப்படியெல்லாம் மொட்டையா எழுதினா ஃபைல் நகராது சார். கேக்கறவங்களுக்கு வயிறு கலங்கணும்."

சக்ரபாணி வயிறு கலங்கும்படியாகவே எழுதினார். இந்த ஊர் சீதோஷ்ணத்தால் தம் மனைவி மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை என்றும், ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தூக்கத் திராணி இல்லை என்றும், மெட்ராஸின் கடற்காற்று ஒன்றே அவள் உயிரைக் காப்பாற்றும் என்றும் ஒரு முழுப் பக்கம் இங்கிலீஷில் டைப் அடித்து மேலே அனுப்பினார்.

ஆவணி மாசத்து வெள்ளிக்கிழமை துரைராஜ் கூப்பிட்டுச் சொன்னார். "எல்லாரும் ஓகே பண்ணிட்டாங்க சார். திங்கக்கிழமை ஜி.எம். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க."

மூச்சு விடுவதா? அவர் ஒரு பெரிய தீர்மானம் செய்துகொண்டார். வாசலில் லாரி வந்து நிற்கும்வரை கல்பகத்திடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொன்னால் அழுவாள், நாகம்மா வருவாள், இரண்டு பேரும் தெலுங்கில் அழுவார்கள். லாரி வந்துவிட்டால் அழுதுகொண்டே சாமானை ஏற்றித்தானே ஆக வேண்டும்.

வாய் தாங்கிற்று, கை ஒரு நாள்தான் தாங்கிற்று. சனிக்கிழமை காலை, கல்பகம் கொல்லையில் இருந்த சமயம், பெட்டிகளை ஒருதரம் தொட்டுப் பார்க்கலாம் என்று கை அரித்தது. முக்காலியைப் போட்டு ஏறினார்.

"கைக்கு அப்பா? ஏன் ஏறறே? விழப்போறே," என்றாள் ஜலஜா பாதி ஹிந்தியில், புஸ்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"உன் வேலையைப் பாரு."

டி.வி. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தார். பெட்டி இருந்தால்தானே பலம் வேண்டும். முன்பக்கத்து அட்டை மட்டும் ஒற்றையாகப் பிய்த்துக்கொண்டு வந்து அவர் மூக்கில் அறைந்தது. மூக்குக் கண்ணாடி எகிறி ஜலஜாவின் மடியில் விழுந்தது. பரணில் டி.வி. பெட்டி இருந்த இடத்தில் ஊறுகாய் ஜாடி இரண்டும் ஒரு டின் வடாமும் இருந்தன.

ஃபேன் பெட்டியைத் தொட்டார். முகம் மட்டும். மிக்ஸி பெட்டி, முகம் மட்டும். ஃப்ரிட்ஜ் பெட்டியின் முகத்துக்குப் பின்னால் கம்பளிகள். பதினோரு பெட்டிக்கும் எழுத்துப் போட்ட பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, மீதியை எவளோ, வேறு யார், அவள்தான், கத்தரித்து எடுத்திருந்தாள். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் பதினொன்றும் லட்சணமாக நிற்கும். அவரும் தினம் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"கல்பகம்!"

அவள் கையில் மண்ணோடு வந்து நின்றாள். முக்காலியின் மேல் அவர், கையில் ஒரு முகம். பார்த்தவுடனே புரிந்துவிட்டது அவளுக்கு.

"பாத்துட்டேளா? அதுல ஜாடி இருக்கு, தட்டிவிட்டுடாதீங்கோ."

"பெட்டியெல்லாம் எங்கேடி?"

"தோட்டத்துல."

"தோட்டத்துலன்னா?"

"மண்ணுக்குக் கீழே. வந்து பாருங்கோளேன், நான் என்ன தின்னுட்டேனா?"

கொல்லைக்கு நடந்தார்கள். அவள் நிதானமாக ஒவ்வொரு பாத்தியாகக் காட்டினாள். கோரைப்புல்லை வேரோடு பிடுங்கிப் பிடுங்கி அவளுக்கு இடுப்பு போயிற்றாம். ஒரு நாள் ஃபேன் பெட்டியின் அடிப்பக்கத்தை நனைத்துப் பரப்பி, மேலே மண்ணும் சருகும் போட்டுப் பார்த்தாளாம். கோரை தலைகாட்டவில்லை. மண்ணும் காயவில்லை. அதன்பின் அவள் ஒரு பெட்டியையும் சும்மா விடவில்லை.

"இந்த அவரைக்குக் கீழே ஃப்ரிட்ஜ் பெட்டி. அதோ கத்தரிக்கு மிக்ஸி. புடலுக்கு டி.வி."

"போன வருஷம் வாங்கின டி.வி.டீ!"

"டி.வி. ஆத்துலதானே இருக்கு. பெட்டிதானே போச்சு."

சக்ரபாணி மண்வெட்டியைப் பிடுங்கி அவரைப் பாத்தியில் ஒரு போடு போட்டார். ஃப்ரிட்ஜ் பெட்டியை மீட்டே தீருவது என்று வெறி. குனிந்து ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஊறிப்போன உப்புமா மாதிரி ஒரு பிடி கையோடு வந்தது. அதில் நாலு மண்புழு நெளிந்தது. கையை உதறினார். ஒன்று சட்டைப் பைக்குள் போய் விழுந்தது.

"அது நல்ல புழுன்னா. போட்டுடுங்கோ," என்றாள் கல்பகம்.

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூடத்துக்கு ஓடினார். அறுபத்தெட்டிலிருந்து வாங்கிய இங்கிலீஷ் பேப்பர் அத்தனையும் மாசவாரியாகச் சணல் கட்டி மூலையில் அடுக்கி வைத்திருந்தார். ரெஃபரன்ஸுக்கு. எதற்கு ரெஃபரன்ஸ் என்று அவரிடமும் யாரும் கேட்டதில்லை, அவரும் ஒரு நாள் பிரித்ததில்லை. இப்போது பிரித்தார். மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு, சுற்றி வேலி மாதிரி நாலு வரிசை. நடுவில் ஒன்றுமில்லை. கை முழங்கை வரை உள்ளே போயிற்று.

"கத்தரி நாத்துக்குக் காகிதக் குப்பி சுருட்டினேன்," என்றாள் அவள். "அப்படியே மண்ணுல நட்டுடலாம், வேர் அடிபடாது. மீதியை வெந்தயத்தோட ஊறவெச்சு ஆட்டுக்கல்லுல அரைச்சு, குடத்தைக் கவுத்து அதுமேல அப்பிக் காயவெச்சேன். வெங்காயக் கூடை, அரிசிக் கூடை எல்லாம் அதுதான். ரெண்டு வருஷமா அதுலேர்ந்துதான் சாப்பிடறேள்."

"யாரைக் கேட்டுடி செஞ்சே?"

"நீங்கதானே சொல்லுவேள், காகிதத்தை வீணாக்கப்படாதுன்னு."

சொல்லுவார்தான். அதில் அவருக்கு ஒரு கர்வமே உண்டு. ஒரு பக்கம் டைப் அடித்த தாளை எவனாவது கசக்கிப் போட்டால் ஆபீஸில் ருத்ரதாண்டவம் ஆடுவார். அந்தத் தாள்களையெல்லாம் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார். பால் கணக்கு, மளிகை லிஸ்ட், ஜலஜாவின் அல்ஜீப்ரா, ஊருக்குக் கடிதம், எல்லாம் மறுபக்கத்தில்தான் எழுத வேண்டும். புதுத் தாளில் எவளாவது எழுதிவிட்டால் அன்று வீடு இரண்டுபடும்.

"அது தாளு! இது ட்ரான்ஸ்பர் பெட்டி! நாளைக்கே ஆர்டர் வந்தா சாமானை எதுலே கொண்டுபோறது? உன் தலைலயா?"

"நாளைக்கேவா வரப்போறது?"

அவர் வாயை மூடிக்கொண்டார். இத்தனை கோபத்தை வைத்துக்கொண்டு வாயை மூடுவது என்பது லேசான காரியமில்லை. அன்று முழுக்க வீட்டில் கதவுகள் படார் படார் என்று சாத்திக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து உப்பலுக்குப் போனார். மளிகைக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, தீப்பெட்டி வந்த பெட்டி என்று பதினைந்து அட்டைப்பெட்டி வாங்கினார். ரிக்‌ஷாவில் பெட்டிகள் உட்கார்ந்துகொண்டன. அவருக்கு இடமில்லை. பின்னாலேயே வேகாத வெயிலில் நடந்து வந்தார்.

நாகம்மா வேலிப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். குவார்ட்டர்ஸில் இருபது வருஷம் இருந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

"ஏமண்டி, ட்ரான்ஸ்ஃபர் அய்யிந்தா?"

"லேது, லேது," என்று அவர் மறுத்துக் கையை ஆட்டினார். கல்பகம் வாசலில் நின்று இதைக் கேட்டாள். பெட்டிகளை ஒருதரம் பார்த்தாள். அவரை ஒருதரம் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று அவர் தோளை நிமிர்த்திக்கொண்டார். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். பயந்துவிட்டாள், வழிக்கு வந்துவிட்டாள் என்று அவருக்கு ஒரே திருப்தி.

சாயங்காலம் காபியோடு ஒரு கவரையும் ஒரு பொட்டலத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஜி.எம். ஆத்து ராஜம் மாமிக்கு. போன மாசம் லேடீஸ் கிளப் மீட்டிங்குல கேட்டா, கோரை இல்லாம எப்படிப் பயிர் பண்றதுன்னு. விவரமா எழுதியிருக்கேன். இது அவரை விதை. கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேளா?"

ஜி.எம். வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. நாளைக்குக் கையெழுத்துப் போடப்போகிற கை. அந்தக் கையின் வீட்டுக்கு இன்றைக்கு அவரை விதையோடு போய் நிற்பது என்றால், சக்ரபாணிக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஆனால் கவரைப் பார்த்ததும் சூடேறிற்று. பழைய கவரைப் பிரித்து உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி ஒட்டியிருந்தாள்.

"ஜி.எம். ஆத்துக்கு இப்படியாடி கவர் ஒட்டுவா? மானம் போறது."

"நீங்க சொல்லிக்குடுத்ததுதானே. வேணும்னா புதுக் கவர்ல போடட்டுமா? பிரிக்கணும், சோத்துப் பசை போட்டிருக்கேன், உள்ளே காகிதம் கிழிஞ்சுடும்."

"வேண்டாம், வேண்டாம். குடு இப்படி."

ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு ஒரு மைல் நடந்தார். பங்களா வாசலில் ராஜம் மாமியின் கையிலேயே கொடுத்தார். "ரொம்ப சந்தோஷம். உங்காத்துல கெட்டிக்காரி," என்றாள் மாமி. திரும்பும்போது வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ஜி.எம். பாலசுப்ரமணியன் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கையெழுத்துப் போட்ட ஆர்டரை நேரில் கொடுப்பார் போலிருக்கிறது என்று தலையை வாரிக்கொண்டு போனார்.

ஜி.எம். "உக்காருங்க" என்று சொல்லவில்லை. அவர் முன்னால் ஒரே ஒரு தாள் இருந்தது.

"காலையில காபி சாப்பிடறப்போ என் மிஸஸ் இதைத் தூக்கிப் பிடிச்சுப் படிச்சுண்டிருந்தா. நான் எதிர்ல உக்காந்திருந்தேன். அவளுக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சுது. எனக்கு இந்தப் பக்கம் தெரிஞ்சுது. நீங்க ரெண்டையும் படிங்க."

சக்ரபாணி எடுத்தார். ஒரு பக்கம் கல்பகத்தின் முத்து முத்தான தமிழ். திருப்பினார். தம்முடைய விண்ணப்பத்தின் கார்பன் காப்பி. வீட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்று எழுபத்திரண்டாம் வருஷக் கட்டுக்குள் செருகி வைத்தது. செருகி வைத்த பிறகு அந்தக் கட்டும் கூடை அரைக்கப் பிரிபட்டிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்தப் பக்கத்துல உங்க மனைவி மூணு வருஷமா படுத்த படுக்கை," என்றார் ஜி.எம். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "ஒரு சொம்புத் தண்ணி தூக்க முடியலை. அந்தப் பக்கத்துல ஆறு பாத்தி கொத்தி, ஃப்ரிட்ஜ் பெட்டியை நனைச்சுப் பரப்பி, மேல பதினஞ்சு கூடை மண் தூக்கிப் போட்டிருக்கா. கீழே கல்பகம் சக்ரபாணி, குவார்ட்டர்ஸ் சி இருபத்தேழுன்னு கையெழுத்து. இதுல யாருய்யா உங்க மனைவி?"

"சார், அது... கார்பன் காப்பி, சார்."

"ஒரிஜினல் என் ஃபைல்ல இருக்கு. நான் மெமோ குடுக்கணும். சஸ்பெண்டே பண்ணலாம். என் மிஸஸ் வேண்டாம்னுட்டா. உங்களுக்காக இல்லை, அந்தத் தோட்டத்துக்காக. ட்ரான்ஸ்பர் ஃபைலை மூடியாச்சு. ரிடையர் ஆகற வரைக்கும் இங்கேயேதான் இருக்கப்போறீங்க. அப்புறம் இன்னொண்ணு. ஸ்டோர்ஸ்ல வீணாப்போற அட்டைப்பெட்டியெல்லாம் இனிமே லேடீஸ் கிளப் தோட்டத்துக்குப் போகணும். நீங்கதான் பொறுப்பு. பிரிச்சு, ஆணி, ஒட்டுப் பேப்பர் எல்லாம் எடுத்துக் குடுக்கணும்."

பதினேழு வருஷம். ஒரு சோற்றுப் பசையில் போயிற்று. சக்ரபாணி ஆபீஸிலிருந்து மத்தியானமே வீட்டுக்கு வந்தார். நடந்து வந்தாரா ஓடி வந்தாரா என்று அவருக்கே தெரியாது. கல்பகம் சோப்புப் பெட்டி ஒன்றை மடியில் போட்டுக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"குடி கெடுத்துட்டியேடி. ஜி.எம். என்னை நிக்கவெச்சு வெளுத்து வாங்கிட்டார். ட்ரான்ஸ்பர் போச்சு. எல்லாம் போச்சு. அந்தத் தாளோட பின்பக்கம் என்னன்னு பாக்காம எழுதுவியோ?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"பாக்காம யார் எழுதினா? பதினஞ்சு நாள் முன்னாடியே பாத்தாச்சு. எஸ்.எஸ்.எல்.சி.ல எனக்கு இங்கிலீஷ்ல அம்பத்தெட்டு மார்க். பெட்ரிடன்னு ஒரு வார்த்தை மட்டும் புரியலை. ஜலஜாவைக் கேட்டேன். குழந்தை படுத்த படுக்கைன்னு அர்த்தம் சொல்லிட்டு, யாருக்கும்மான்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்றது?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இருங்கோ, நான் பேசி முடிக்கலை. மூணு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், தலைவலின்னு நான் படுத்திருக்கேனா? அஞ்சு மணிக்கு உங்களுக்குக் காபி குடுத்தவ யாரு? டிபன் காரியர் கட்டினவ யாரு? கல்லாட்டம் இருக்கறவளைப் பிடிச்சு நாலு பேர் படிக்கறாப்பல படுக்கையில போட்டுட்டேள். வயிறு எரிஞ்சுது எனக்கு. சரி, பொய்யை எழுதினேள். மெட்ராஸுக்கு வரியாடீன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டேளா? பதினேழு வருஷத்துல ஒருதரம் கேட்டேளா? நேத்திக்கு ரிக்‌ஷா நிறையப் பெட்டியோட வந்து நிக்கறேள். நாகம்மா கேட்டா லேதுங்கறேள். அப்புறம் நான் என்ன பண்ணுவேன்? கொண்டா ஒரு தாளைன்னு உக்காந்து எழுதினேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி கத்தரிக்கோலை எடுத்தாள். சக்ரபாணிக்குக் கோபம் இரண்டு பங்காயிற்று. முக்காலியை ஒரு உதை விட்டார். கால் கட்டைவிரல் நசுங்கியதுதான் மிச்சம். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எழுதினே, சரி. அனுப்பினே, அதுவும் சரி. நீயே கொண்டுபோய்க் குடுத்துத் தொலைச்சிருக்கலாமோல்லியோ? என் குழியை என் கையாலேயே தோண்ட வெச்சே. பாலிஷ் போட்டுண்டு போனேனேடி, ஒரு மைல்!"

கல்பகம் சோப்புப் பெட்டியின் முகத்தை மட்டும் தனியாக எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஒரு சொம்பு ஜலம் தூக்கத் திராணி இல்லாதவ, ஒரு மைல் எப்படின்னா நடப்பா?"